செவலையின் மட்டையும் நாற்பத்தொரு இலைகளும்

பங்குனி மாதம் பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை. விடியற்காலையில் தூறல் விழுந்து நின்றது. எட்டு மணிக்குள் வானம் வெளுத்துவிட்டது. காற்று சிறிதும் இல்லை. அல்லிக்குளத்தின் வடகரையில் தவளைகளும் மைனாக்களும் அணில்களுமாக நாற்பத்தொரு பிராணிகள் கூடியிருந்தன. அவை அனைத்தும் அல்லிக்குளம் ஹாக்கி அணியின் ரசிகக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அல்லிக்குளம் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது. சனிக்கிழமையன்று அது மேட்டுக்காட்டு அணியை எதிர்கொள்ள வேண்டும். ஆனால், கூட்டத்தில் மகிழ்ச்சி இல்லை. செவலை என்ற கீரியைப் பற்றிய வாக்குவாதமே நடந்துகொண்டிருந்தது.

"பொதுச்சுற்றில் பதினொரு கோல்! காலிறுதியில் எத்தனை? ஒன்றுமில்லை! அரையிறுதியில் எத்தனை? ஒன்றுமில்லை!" என்று முழங்கியது பெருவாய் என்ற தவளை. ரசிகக் கூட்டத்தின் தலைமை அதனிடம் இருந்தது.

"அரையிறுதியில் நாம் வென்றோமே!" என்றது ஓர் அணில்.

"வென்றது யாரால்? உன் அண்ணன் அடித்த ஒற்றைக் கோலால்! செவலை பந்தின் பக்கமே வரவில்லை. நான் கண் இமைக்காமல் பார்த்தேன்!"

ஒரு மைனா கிளையிலிருந்து இறங்கியது. "விஷயம் தெரியாமல் பேசுகிறீர்களே! மேட்டுக்காட்டார் செவலைக்கு ஒரு புற்று தருகிறார்களாம். மூன்று வாசல் உள்ள பெரிய புற்றாம்! அடுத்த ஆண்டு அவன் அவர்களுக்காக ஆடுவானாம்!"

"பார்த்தீர்களா!" என்று பெருவாய் துள்ளியது. "இப்போதே மனத்தளவில் அங்கே குடியேறிவிட்டான்! இப்படிப்பட்டவனை இறுதி ஆட்டத்தில் இறக்குவதா?"

அல்லிக்குளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இறுதி ஆட்டத்துக்கு முன்பு எந்த வீரரைப் பற்றியாவது ஐயம் எழுந்தால், ரசிகக் கூட்டம் இலை போட்டுத் தீர்மானிக்கும். பச்சை இலை என்றால் ஆடலாம்; பழுத்த இலை என்றால் ஆடக்கூடாது. பழுத்த இலைகள் மிகுந்தால், அந்த வீரர் தம் மட்டையைக் கூட்டத்தின் தலைமையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கூட்டமே மனம் மாறித் திருப்பித் தந்தாலொழிய, அல்லிக்குளத்துக்காக மீண்டும் ஆட இயலாது.

செவலைக்கு இந்த அணியையன்றி வேறோர் அணி தெரியாது. முதன்முதலாக மட்டை பிடித்ததும் இந்தக் கரையில்தான். அது கூட்டத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றது.

"மேட்டுக்காட்டார் உன்னை அழைத்தார்களா, இல்லையா?" என்று பெருவாய் கேட்டது.

"அழைத்தார்கள்."

கூட்டம் கொந்தளித்தது.

"வர மாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டேன்" என்றது செவலை.

"எங்களிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை."

"சரி, கோல் ஏன் அடிக்கவில்லை? அதையாவது இப்போது கேட்கிறோம்!"

செவலை வாய் திறப்பதற்கு முன் அணித்தலைவராகிய ஆமை குறுக்கிட்டது. அந்த அணியின் கோல்காப்பாளரும் அதுவே.

"நான் சொல்கிறேன். பொதுச்சுற்றின் கடைசி ஆட்டத்தில் நம் தடுப்பாட்டக்காரராகிய முள்ளம்பன்றிக்குக் கால் பிசகிவிட்டது. அவருடைய இடத்துக்கு ஆள் இல்லை. 'நீ பின்னால் வந்து எனக்கு முன்னால் நில்' என்று செவலையிடம் நானே சொன்னேன். பின்னால் நிற்பவன் எப்படிக் கோல் அடிப்பான்?"

"தலைவர் சிநேகிதனுக்காகப் பரிந்து பேசுகிறார்!" என்று ஒரு தவளை கத்தியது.

"ஓட்டுக்குள் தலையை வைத்துக்கொண்டே ஆட்டம் பார்ப்பவர்தானே!" என்றது இன்னொன்று. கூட்டம் சிரித்தது.

அப்போது பூவரி என்ற பெண் கௌதாரி மூச்சு வாங்க ஓடி வந்தது. ஆடுகளத்தின் கிழக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள சூரைப்புதரில் அது ஏழு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது.

"முட்டைகள் ஆறிப்போவதற்குள் சொல்லிவிட்டுப் போகிறேன்!" என்றது பூவரி. "அரையிறுதியின் முதற்பாதியில் நம் கோல் கிழக்கில் இருந்தது. என் கண்ணுக்கு நேரே! செவலை ஏழு பந்துகளைத் தடுத்தான். ஒருமுறை குப்புற விழுந்து, மட்டையின் நுனியால் பந்தைத் தள்ளிவிட்டான். அவன் இல்லையென்றால் நமக்கு இறுதி ஆட்டமே இல்லை!"

"இரண்டாம் பாதியில் எத்தனை தடுத்தான்?" என்று பெருவாய் மடக்கியது.

பூவரி சற்றே தயங்கியது. "அது எனக்குத் தெரியாது. பாதி முடிந்ததும் நம் கோல் மேற்குப் பக்கம் போய்விட்டது. கூட்டை விட்டு என்னால் போக முடியவில்லை."

"கேட்டீர்களா! பாதி ஆட்டம் பார்த்த சாட்சி!"

"நீங்கள் எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள்?" என்று பூவரி திருப்பிக் கேட்டது.

"எப்போதும் போல எதிரணியின் கோலுக்குப் பின்னால்! நம் கோல் விழும் இடம் அதுதானே!"

"பாதி முடிந்ததும்?"

"மைதானத்தைச் சுற்றித் தத்திப்போய் மறுபடியும் எதிரணியின் கோலுக்குப் பின்னால்! எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்!"

"அப்படியானால், நம் கோலுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் ஒரு நாளாவது பார்த்ததுண்டா?"



"எங்கள் விசுவாசத்தையே சந்தேகிக்கிறாயா?" என்று பெருவாய் சீறியது. "மழையிலும் வெயிலிலும் தொண்டை கிழியக் கத்துபவர்கள் நாங்கள்! பேச்சுப் போதும் அம்மா, முட்டையைப் போய்ப் பார்! இலைகளைப் போடுங்கள்!"

பழுத்த இலைகள் இருபத்துமூன்று விழுந்தன. பச்சை இலைகள் பதினெட்டு.

செவலை மட்டையைத் துடைத்தது. பெருவாயின் காலடியில் வைத்தது. கரையோரமாக நடந்து போனது.

அன்று மாலை மேட்டுக்காட்டு அணியின் தலைவராகிய முயல் செவலையைத் தேடி வந்தது.

"கேள்விப்பட்டேன், தம்பி. நன்றிகெட்ட கூட்டம்! இன்னும் எதற்கு இங்கே இருக்கிறாய்? புற்று காலியாகத்தான் இருக்கிறது. இன்றே வா!"

"இல்லை அண்ணே."

"மட்டையையே பிடுங்கிவிட்டார்களே! உனக்கு ரோஷம் இல்லையா?"

"நிறைய இருக்கிறது" என்றது செவலை. "அவர்கள் என்னைப் பற்றித் தவறாக நினைத்துவிட்டார்கள். நான் உங்களுடன் வந்தால், அவர்கள் நினைத்தது சரியாகிவிடும். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்."

முயல் காதைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனது.

சனிக்கிழமை இறுதி ஆட்டம் தொடங்கியது. நாரை நடுவராக நின்று ஊதலை ஊதியது. முதற்பாதியில் அல்லிக்குளத்தின் கோல் மேற்கில் இருந்தது. ஆகவே, ரசிகக் கூட்டம் வழக்கப்படி கிழக்குக் கோடியில், பூவரியின் புதருக்கு அருகில் திரண்டது. செவலை அங்கே வரவில்லை. அது எல்லைக்கோட்டின் ஓரத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்துக்கொண்டு, களைத்து வரும் வீரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"அடி! அடி! கோல் அடி!" என்று தவளைகள் பாடின.

பந்து வரவில்லை. மறுபடியும் பாடின. அப்போதும் வரவில்லை. தொலைவில் புழுதி எழுந்தது. ஊதல் ஒலித்தது. ஆரவாரம் கேட்டது.

"என்ன ஆயிற்று?" என்று பெருவாய் எட்டி எட்டிப் பார்த்தது.

"நாம்தான் ஏதோ நன்றாகச் செய்திருப்போம்!" என்றது ஒரு தவளை.

மேலும் இருமுறை ஊதல் ஒலித்தது. முதற்பாதி முழுவதும் கூட்டம் உட்கார்ந்திருந்த பக்கம் பந்து ஒருமுறைகூட வரவில்லை. இடைவேளையில் மைனா பறந்து போய்ச் செய்தி கொண்டுவந்தது.

"மூன்று கோல்!"

"நமக்கா?"

"நம் மேல்!"

 பழக்க தோஷத்தால் ஒரு தவளை எழுந்தது. அதைக் கண்டு மற்றவையும் எழுந்து மேற்கு நோக்கித் தத்தத் தொடங்கின. பூவரி புதரை விட்டுப் பாய்ந்து வந்து வழியை மறித்து நின்றது. அதன் இறகுகள் சிலிர்த்திருந்தன.

"எங்கே போகிறீர்கள்?"

"எதிரணியின் கோல் அங்கே மாறிவிட்டதே!"

"போகாதீர்கள்! இந்தப் பாதியில் நம் கோல் இங்கே வருகிறது. ஒரே ஒருமுறை இதன் பின்னால் உட்காருங்கள்!"

"நம் கோலுக்குப் பின்னாலா? அது சகுனக் கேடு!"

"மூன்று கோல் வாங்கியாயிற்று! இதற்கு மேல் என்ன கேடு மிச்சம் இருக்கிறது?"

 பெருவாய் மெல்ல உட்கார்ந்தது. மற்றவையும் உட்கார்ந்தன.

இரண்டாம் பாதி தொடங்கி இரண்டு நிமிடங்கள்கூட ஆகவில்லை. முயல் பந்தோடு பாய்ந்து வந்தது. ஆமைக்கு முன்னால் பரந்த வெற்றிடம் கிடந்தது. மறிக்க ஒருவரும் இல்லை! முயல் நின்று, குறி பார்த்து அடித்தது. பந்து ஆமையின் ஓட்டில் பட்டுத் தெறித்தது. அதே பந்தை மேட்டுக்காட்டு அணியின் காட்டுச்சேவல் ஓடி வந்து எடுத்து, மீண்டும் அடித்தது. பந்து கம்பத்தில் மோதி வெளியேறியது.

"ஐயோ! அந்த இடத்தில் ஏன் யாருமே இல்லை?" என்று ஒரு தவளை அலறியது.

பெருவாய் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. காலிறுதியிலும் அரையிறுதியிலும் அந்த இடத்தில் நின்றது யார் என்று அதற்கு இப்போது விளங்கியது.

"அங்கே இருந்தவனை நாம்தான் எடுத்துவிட்டோம்" என்றது பெருவாய்.  உடனே கூட்டத்தை நோக்கித் திரும்பியது. "என் இலையைத் திரும்பப் பெறுகிறேன். யார் யார் என்னுடன்?"

நாற்பது குரல்களும் ஒன்றாக எழுந்தன.

பெருவாய் தன் வசம் வைத்திருந்த செவலையின் மட்டையை இழுத்துக்கொண்டு எல்லைக்கோட்டின் வழியே ஓடியது. தவளைக்கு அது பெரும்பாரம். இருமுறை உருண்டு விழுந்தது. உதவிக்கு வந்த தவளைகளை விலக்கிவிட்டு, தானே கொண்டுபோய்ச் செவலையின் முன் வைத்தது.

"தம்பி, நான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னேன். என்னை மன்னி…"

"மன்னிப்பெல்லாம் பிறகு, ஐயா! மணி ஓடுகிறது. மட்டையைக் கொடுங்கள்!"

செவலை சிரட்டையைப் பெருவாயின் கையில் திணித்துவிட்டு, நடுவரிடம் கை உயர்த்தியது. நாரை தலையசைத்தது. களைத்திருந்த அணில் ஒன்று வெளியேற, செவலை களத்தில் இறங்கியது.

அதன் பிறகு முயல் நான்கு முறை பாய்ந்து வந்தது. நான்கு முறையும் வெறுங்கையோடு திரும்பியது. காட்டுச்சேவல் தூக்கி அடித்த பந்தைச் செவலை விழுந்து தடுத்தது. எழுந்த வேகத்திலேயே பந்தை முன்னால் நின்ற இன்னோர் அணிலுக்குத் தள்ளியது. அணில் மேற்கு நோக்கிப் பறந்தது. தொலைவில் ஊதல் ஒலித்தது. சற்று நேரத்தில் இன்னொரு முறையும் ஒலித்தது. இரண்டும் அல்லிக்குளம் அடித்த கோல்கள். ரசிகக் கூட்டம் அவ்விரண்டில் ஒன்றையும் பார்க்கவில்லை. அதற்காக ஒருவரும் வருந்தவில்லை. கண்ணெதிரே செவலை தடுத்த ஒவ்வொரு பந்துக்கும் கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது.

"இன்னும் ஒன்று! விடாதே செவலை!"

செவலை விடவில்லை. கடைசி நொடியில்கூட ஒரு பந்தை மீட்டு முன்னால் அனுப்பியது. அது அணிலின் மட்டையை அடைவதற்குள் இறுதி ஊதல் ஒலித்துவிட்டது.

மேட்டுக்காட்டு அணி மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது. கோப்பை மேட்டுக்காட்டுக்குப் போனது. முதற்பாதியிலும் செவலை ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அல்லிக்குளத்தில் பல நாள் பேச்சு நடந்தது; விடை கிடைக்கவில்லை. மறுவாரம் கூடிய கூட்டத்தில், இலை போடும் வழக்கத்தை நிறுத்துவதென்று பெருவாயே தீர்மானம் கொண்டுவந்தது; அது எதிர்ப்பின்றி நிறைவேறியது. முள்ளம்பன்றியின் கால் ஆடி மாதத்தில் குணமாயிற்று. செவலை மேலும் நான்கு ஆண்டுகள் அல்லிக்குளத்துக்கே ஆடியது. அவற்றுள் ஓர் ஆண்டில் கோப்பை கிடைத்தது. மூன்று ஆண்டுகளில் கிடைக்கவில்லை.

ஒருவருடைய உழைப்பையும் விசுவாசத்தையும் குறித்துத் தீர்ப்புச் சொல்ல விரும்புகிறவர், தாம் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தெரிகிறது என்பதை முதலில் ஆராய்ந்துகொள்ள வேண்டும்.