ஏரிக்கரை அடியில் ஓர் இனாம் வீடு

ஏரிகளெல்லாம் தூர்ந்துபோகாமல் இருந்த காலத்தில், நெடுங்கரை நாட்டைத் தென்னவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் சந்தேகப் பிராணி. சமையற்காரன் ருசி பார்த்துவிட்டுப் பரிமாறினால், 'ஏன் இத்தனை சந்தோஷமாகச் சாப்பிட்டான்?' என்று யோசிப்பான். சவரம் செய்பவன் பேசினால் சந்தேகம், பேசாவிட்டால் இன்னும் அதிகச் சந்தேகம். சபையில் தும்முவதற்கே ஆட்கள் பயந்தார்கள்.

அந்த நாட்டில் ஒரு பெரிய ஏரி. அதன் கரைக்குக் கீழே கரையடிப்பட்டி என்று ஓர் ஊர். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேற ஓர் இடம் உண்டு, அதற்குக் கலிங்கு என்று பெயர். அங்கே வரிசையாகக் கல்தூண்கள் நிற்கும். மழை குறைந்த வருஷங்களில் தூண்களுக்கு நடுவே புல்கட்டியும் களிமண்ணும் வைத்து அடைத்து, கூடக் கொஞ்சம் தண்ணீர் தேக்கிக்கொள்வார்கள். ஐப்பசி பிறக்குமுன் அந்த அடைப்பை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் பெருமழையில் கரை உடைந்து ஊர் போய்விடும்.

அந்த வருஷம் எடுக்கவில்லை. ஏரிப் பொறுப்பு அம்பலக்கூத்தர் என்ற பிரபுவிடம் இருந்தது. மனுஷர் கலிங்குத் தண்ணீர் ஓட வேண்டிய வாய்க்காலிலேயே கரும்பு நட்டிருந்தார். கலிங்கைத் திறந்தால் கரும்பு போய்விடும். ஊர் போனால் பரவாயில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அதை அவரிடம் கேட்கத்தான் யாருக்கும் தைரியமில்லை.

அமைச்சர் ஏகம்பனார் மட்டும் சபையில் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். "அடைப்பெல்லாம் எடுத்தாயிற்று, அமைச்சருக்கு வயதாகிவிட்டது" என்று அம்பலக்கூத்தர் சிரித்து மழுப்பினார். அதற்குமேல் அமைச்சர் வாதாடவில்லை. கரையடிப்பட்டிக்குப் பக்கத்துக் குன்றின்மேல் கொட்டகை போட்டார், அரிசி மூட்டைகளை ஏற்றினார், பரிசல்களும் கயிறும் சேர்த்தார். முரசு கேட்டதும் எந்த வழியாக ஏற வேண்டும் என்று ஊர்ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்து, ஒருநாள் எல்லோரையும் ஏறவைத்தும் பார்த்தார்.

அம்பலக்கூத்தருக்கு இது போதாதா? ராஜாவின் காதருகே குனிந்தார். குன்றின்மேல் அரிசி, முரசு, கூட்டம் என்று ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, "இதற்கு என்ன அர்த்தம் என்று என் வாயால் சொல்லமாட்டேன்" என்று பெருமூச்சு விட்டார். ராஜாவுக்கு வியர்த்துவிட்டது.

மறுநாளே விசாரணை.

"முரசு அடித்ததும் ஊரே குன்றில் ஏறுகிறதாமே, அமைச்சரே. படை அப்படித்தான் ஏறும்."

"படை கோழியைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறாது, மன்னா."

"வெள்ளம் வரும் என்று சத்தியம் செய்வீரா?"

"மாட்டேன். வராமலும் போகலாம்."

சபை கொல்லென்று சிரித்தது. உண்மையைச் சொன்னால் இப்படித்தான் சிரிப்பார்கள். ராஜாவுக்கு அந்தப் பதிலே குற்றத்தை ஒப்புக்கொண்டது போலப் பட்டது. கொட்டகையைப் பிரித்துப்போடச் சொன்னான். அமைச்சருக்கு மரண தண்டனை என்றான்.

ஏகம்பனார் கைகூப்பினார். "நம் நாட்டு வழக்கப்படி, ராஜதுரோகியைக் காட்டிக்கொடுத்தவருக்கு அவன் வீடு சொந்தம். என் மூதாதையர் வீடு கரையடிப்பட்டியில், ஏரிக்கரையை ஒட்டியே இருக்கிறது. பெரிய வீடு. அம்பலக்கூத்தர் இன்றே குடும்பத்தோடு அங்கே குடிபோகட்டும். மழைக்காலம் முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். அவர் போய்ச் சேர்ந்ததும் கொட்டகையைப் பிரியுங்கள். என் தலையையும் எடுங்கள்."

ராஜா தலையாட்டினான். அம்பலக்கூத்தரின் முகம்தான் ஒரு மாதிரியாகிவிட்டது. இன்று நாள் நன்றாக இல்லை என்றார். ஜோசியரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், நல்ல நாள்தான். மனைவிக்கு இருமல் என்றார். வைத்தியரையும் கூடவே அனுப்புவதாகச் சொன்னார்கள். வீடு தெற்குப் பார்த்தது, தமக்கு ஆகாது என்றார். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் கண் சன்னல் பக்கமே போய்ப் போய் வந்தது.

ராஜா அவரை உற்றுப் பார்த்தான். அத்தனை நேரமும் அமைச்சர்மேல் இருந்த சந்தேகம் மெல்ல இடம் மாறியது.

"இனாம் என்றால் சுண்டைக்காயைக்கூட நீர் விட்டதில்லையே. பெரிய வீட்டை ஏன் வேண்டாம் என்கிறீர்? ஏரிக்கரையில் மேய்ந்த உம் மாடுகளைப் போன வாரமே மேட்டுக்கு ஓட்டிவிட்டீர் என்று என் ஒற்றன் சொன்னான். அப்போது எனக்குப் புரியவில்லை. ம், வண்டி கட்டுங்கள். இவரை இப்போதே கொண்டுபோய் அந்த வீட்டில் விடுங்கள்."

"ஐயோ மன்னா, கலிங்கில் அடைப்பு அப்படியே இருக்கிறது" என்று அம்பலக்கூத்தர் காலில் விழுந்தார்.

அப்புறம் சபை எங்கே? ராஜா முதல் காவலன்வரை மண்வெட்டியோடு ஏரிக்கு ஓடினார்கள். அடைப்பைப் பிடுங்கி எறிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் கரும்பை வாரிக்கொண்டு பாய்ந்தது. வாய்க்காலில் அடங்காதது ஊருக்குள்ளும் இடுப்பளவு புகுந்தது. முரசு முழங்கியது. ஜனங்கள் பழகிய வழியிலேயே குன்றில் ஏறினார்கள், கோழிக்கூடைகளோடு. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ராஜா நனைந்த தலையோடு கொட்டகையில் உட்கார்ந்து, அமைச்சர் சேர்த்துவைத்த அரிசியில் காய்ச்சிய கஞ்சியைக் குடித்தான். ருசி பார்க்க யாரையும் கூப்பிடவில்லை. வெட்கமாக இருந்தது அவனுக்கு. அதை மறைக்காமல் எல்லார் முன்னிலையிலும் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்டு, வேண்டியதைக் கேட்கச் சொன்னான். நாட்டில் ஏரி உள்ள ஊர்களுக்கெல்லாம் இப்படி ஒரு கொட்டகை வேண்டும் என்றார் ஏகம்பனார். அப்படியே ஆகட்டும் என்றான் ராஜா.

"அம்பலக்கூத்தரே, ஏரிப் பொறுப்பு உம்மிடமே இருக்கட்டும்" என்றான் பிறகு.

எல்லோரும் திகைத்துப்போனார்கள். அம்பலக்கூத்தருக்குக்கூட நம்பிக்கை வரவில்லை.

"ஆனால் இனிமேல் உமக்குக் கரையடி வீடுதான். மழைக்காலத்தில் நீரும் உம் குடும்பமும் அங்கேதான் படுக்க வேண்டும். அமைச்சருக்கு அரண்மனைக்குப் பக்கத்தில் நான் வேறு வீடு தருகிறேன்."

அதிலிருந்து, கிழக்கே துளி மேகம் தெரிந்தாலும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கலிங்குக்கு முதலில் ஓடுகிறவர் அம்பலக்கூத்தர்தான். கரையில் நண்டு வளை ஒன்று தெரிந்தால் அதை அடைக்காமல் சாப்பிட உட்காரமாட்டார். அவ்வளவு நல்ல ஏரிக்காவலர் அந்த நாட்டுக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.