நீ எத்தனையாவது?

செங்கமலத்தம்மையின் மடம் மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அங்கே தங்கிப் படிக்க வந்தார்கள். யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று பார்க்கும் வேலை சீடர் கூத்தரசனுடையது. நாற்பது வயது மனிதர். தன் கணிப்பு தப்பாது என்ற நினைப்பு அவருக்குக் கொஞ்சம் உண்டு.

அந்த வருஷம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒரே கேள்வி கேட்டார்.

“உன்கூட வந்தவங்கள்ல நீ எத்தனையாவது?”

துறைமுகத்துப் பிள்ளைகள் கேள்வி முடியுமுன்னே “நான்தான் முதல்!” என்று கத்தினார்கள். மலைப் பிள்ளைகள் ஏழு பேரும் தரையைப் பார்த்தபடி “கடைசி” என்றார்கள்.

கூத்தரசன் அம்மையிடம் போனார்.

“மலைப் பிள்ளைங்க தேற மாட்டாங்க தாயே. அவங்களுக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை. மூட்டையைக் கட்டச் சொல்லிட்டேன்.”

அம்மை எழுந்து வந்தார். மூட்டையோடு நின்ற மாதி என்ற சிறுமியிடம், பக்கத்தில் நின்ற பையனைக் காட்டினார்.

“இவன் எத்தனையாவது?”

“சடையனா? அவன்தான் முதல்!” மாதியின் முகம் மலர்ந்துவிட்டது. “தேன் பாறையில பயப்படாம இறங்குவான்.”

“மாதி எத்தனையாவது, சடையா?”

“அவதான் முதல். மேல நின்னு கயிறு பிடிச்சா, தேனீ கொட்டினாலும் கையை விட மாட்டா.”

ஏழு பேரையும் கேட்டார். ஏழும் முதல்.

கூத்தரசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அப்புறம் ஏன் கடைசின்னு சொன்னே?”

“எங்களைப் பத்தி நாங்களே சொல்லக் கூடாதுங்க,” என்றாள் மாதி. “கூட வந்தவங்கதான் சொல்லணும்.”

கூத்தரசன் வியந்துபோனார். எப்பேர்ப்பட்ட பிள்ளைகள்! உடனே துறைமுகத்துப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

“அப்போ அனுப்ப வேண்டியது இந்தத் தற்பெருமைக்காரங்களைத்தான்.”

அம்மை வாய்விட்டுச் சிரித்தார். “அவங்க ஊர்ல ‘நான் இருக்கேன்’னு குரல் கொடுக்காதவனைப் படகில ஏத்த மாட்டாங்கப்பா. என்ன கம்பீரமான குரல், கேட்டியா?”

“பின்னே யாரைத்தான் அனுப்புறது தாயே?”

“நீ இங்கே வந்த அன்னிக்கு உன் அப்பா முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னே. நினைவிருக்கா?”

“இருக்கு.”

“நான் என்ன கேட்டேன்?”

கூத்தரசன் யோசித்தார். “ஒண்ணும் கேட்கலை. கைகால் கழுவிட்டுச் சாப்பிட வான்னு சொன்னீங்க.”

“இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தா?”

கூத்தரசன் மாதியிடம் போனார். குனிந்து மாதியின் மூட்டையை அவிழ்த்தார்.