மிதுனின் வாட்ச்

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்துத் தொழில் செய்பவர் தெய்வசிகாமணி. அவர் மலையடிவாரக் குடிலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. குரு கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். சிகாமணியைவிட வயதில் ரொம்பவே இளையவர். ஆனாலும் சிகாமணி அவரைச் 'சாமி' என்றுதான் அழைப்பார். மனசு கனக்கும்போதெல்லாம் இங்கேதான் வருவார்.

"சாமி, பாசமா ஒரு காரியம் செஞ்சேன். அது பாவமாப் போச்சுங்க."

குரு துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க."

சிகாமணி சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். எவர்சில்வர் வாட்ச். முகப்பைச் சுற்றியிருந்த வளையம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள், அம்மை போட்ட முகம் மாதிரி.

அது அவருடைய தங்கை பூங்கோதையின் மகன் மிதுன் கட்டியிருந்த வாட்ச். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். காரியங்களெல்லாம் முடிந்ததும் பூங்கோதை அந்த வாட்ச்சை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள். ஆம்பளை வாட்ச். கையைத் தூக்கினால் முழங்கை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகும். மாவு பிசையும்போதுகூடக் கழற்றமாட்டாள்.

சிகாமணிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தன் தங்கை கையில் இப்படித் தேய்ந்துபோன வாட்ச்சா என்று இருந்தது. ஒருநாள், "பேட்டரி மாத்திக் கொண்டாரேன், குடு அம்மிணி" என்று வாங்கிக்கொண்டு போனார்.

கோயமுத்தூர் நகைக்கடைக்காரர் தயங்கினார். "எவர்சில்வர்ல துளை போட்டா போட்டதுதானுங்க" என்றார். சிகாமணி கேட்கவில்லை. முகப்பைச் சுற்றி வைரம் பதிக்கச் சொன்னார். கூடவே, கீறல்களையெல்லாம் எடுத்துப் பளபளவென்று பாலிஷ் போடவும் சொன்னார்.

சிகாமணி கொண்டுவந்து கொடுத்த வாட்ச் பெட்டியைப் பூங்கோதை திறந்தாள். கல்லை அவள் பார்க்கவில்லை. வாட்ச்சின் பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். திருப்பி, மறுபடியும் தடவினாள்.

"ஏனுங்ணா, இங்க ஒரு கீறல் இருந்துச்சே?"

"அதெல்லாம் சுத்தமா எடுத்தாச்சு கண்ணு. இப்பப் பாரு, புதுசு மாதிரி!"

"ஆமாங்ணா," என்றாள். "நல்லா இருக்குதுங்ணா."

சொல்லிவிட்டு அண்ணனுக்குச் சோறு போட உள்ளே போனாள்.

அதற்கப்புறம் அவள் கையில் வாட்ச் இல்லை. சிகாமணிக்கு அதுகூட உறைக்கவில்லை. பொங்கலுக்குப் போனபோதுதான் அந்த வெறுங்கை கண்ணில் பட்டது. திருட்டுப் பயத்தில் பூட்டி வைத்திருக்கிறாளோ என்று நினைத்துக் கேட்டார்.

"அது இப்ப மிதுன் வாட்ச் மாதிரி இல்லீங்ணா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார்.

வாட்ச்சைக் கேட்டு வாங்கிக்கொண்டுபோய்க் கற்களைப் பிடுங்கச் சொன்னார். கல் வந்துவிட்டது. குழி நின்றுவிட்டது. அந்த வாட்ச் கம்பெனிக்காரர்களும், இனி இதில் கை வைக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சொல்லி முடித்துச் சிகாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வழி இருக்குதுங்க சாமி. சென்னையில ஒருத்தர் குழியை அடைச்சுத் தர்றேங்கறார். மிதுன் அந்த வாட்ச்சைக் கட்டிக்கிட்டு நிக்கற போட்டோ ஒண்ணு இருக்குது. அதைப் பெருசாக்கிப் பாத்து, அதே எடத்துல அதே மாதிரி கீறலும் போட்டுத் தருவாராம். செஞ்சு குடுத்தா அவ மறுபடி கட்டிக்குவாளுங்களா?"

குரு வாட்ச்சைக் கையில் எடுத்தார். குழிகளின் மேல் விரலை ஓட்டினார்.

"என்ன கல்லு பதிச்சிருந்தீங்க?"

சிகாமணியின் முகம் ஒரு கணம் தெளிந்தது. "சூரத்துக் கல்லுங்க. ஒரு கரும்புள்ளி கெடையாது. தண்ணியாட்டம் இருக்கும். எல்லாம் ஒரே அளவு. நானே உக்காந்து பொறுக்கினேன்."

"அந்தக் கீறல்?"

"கீறலுங்களா?"

"எப்படி விழுந்துச்சு?"

சிகாமணி யோசித்துப் பார்த்தார்.

"தெரியலீங்க."

"தங்கச்சி சொன்னதில்லையா?"

"நான் கேட்டதில்லீங்க."

"பையன் போனதுக்கப்புறம், அவனைப் பத்தி உங்ககிட்டப் பேசுவாங்களா?"



"பேச வருவாளுங்க. வாயெடுத்தா அழுதுருவா. என்னால அதைப் பாக்க முடியாதுங்க சாமி. ஏதாச்சும் சொல்லிப் பேச்சை மாத்தீருவேன். பெரிய டி.வி. வாங்கிப் போட்டேன். காசிக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்தேன். அப்புறம் இந்த..."



குரு வாட்ச்சை அவருடைய உள்ளங்கையில் வைத்தார்.

"சென்னைக்குக் குடுக்க வேண்டாம். இப்படியே எடுத்துட்டுப் போங்க. அந்தக் கீறல் எப்படி விழுந்துச்சுன்னு தங்கச்சிகிட்டக் கேளுங்க."

"கேட்டா அழுவாளுங்க சாமி."

"அழுவாங்க."

"அப்ப நான் என்னங்க செய்யறது?"

"கூட உக்காருங்க," என்றார் குரு. "ஒண்ணும் செஞ்சுறாதீங்க."