வேப்பிலை கட்டிய வாசல்கள்

முன்னொரு காலத்திலே மஞ்சணத்தி நாட்டைக் குதூகலவர்மன் ஆண்டான். ஆண்டான் என்ன ஆண்டான், யோசிக்குமுன் கட்டளை போடுவான்!

ஒரு கோடையில் தலைநகரத்துக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. பிரதானி வீரகேது துள்ளி எழுந்தார். "எல்லாம் தாய்மாரின் அலட்சியம், அரசே! ஊர்ப்பிள்ளைகளைப் பிரித்து அரண்மனையில் வளர்ப்போம்."

"பலே! நாளைக்கே பிரியுங்கள்!"

ஊரே அலறியது. எதற்கெடுத்தாலும் அம்மாவா குற்றவாளி? இளம் மந்திரி நப்பின்னைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்தெந்த வீட்டில் நோய் என்று பிரதானிக்குத் தெரியுமா?"

"தெரிந்து என்ன ஆகப்போகிறது, பெண்ணே?"

"பெண்ணே இல்லை, மந்திரியே! அரசே, பிள்ளைக்கு நோயென்றால் வாசலில் வேப்பிலை, நலமென்றால் மாவிலை கட்டச் சொல்லுங்கள். வேப்பிலையைக் காட்டி யாரையும் தண்டிப்பதில்லை என்று வாக்கும் கொடுங்கள். இல்லாவிட்டால் ஊர் முழுக்க மாவிலைதான் தொங்கும்."

"தோரணமா? கட்டுங்கள், கட்டுங்கள்!"

மறுநாள் காலை மூவரும் உப்பரிகை ஏறினார்கள். மேலத்தெருவெல்லாம் மாவிலை. கீழத்தெருவில், வாய்க்காலோரம், கோடு இழுத்தாற்போல் வேப்பிலை!

"கீழத்தெருத் தாய்மார் சோம்பேறிகள்," என்றார் பிரதானி.

"அப்படியா? செங்கமலமும் பொற்கொடியும் ஒருதாய் மக்கள். மேலத்தெருவில் வாக்கப்பட்ட அக்காள் வாசலில் மாவிலை, கீழத்தெருத் தங்கை வாசலில் வேப்பிலை. தாலி கட்டியதும் தங்கைக்குச் சோம்பல் வந்ததோ? சரி, அந்தப் பெரிய வாசலிலும் வேப்பிலை. யார் வீடு?"

பிரதானி முணுமுணுத்தார். "என்... மகள் வீடு."

"மேலத்தெரு குடிப்பது கிணற்று நீர். கீழத்தெரு குடிப்பது வாய்க்கால் நீர். வாய்க்கால் எங்கிருந்து வருகிறது, பாருங்கள் அரசே!"

ராஜா எட்டிப் பார்த்தான். வாய்க்கால் தலைப்பில் பட்டத்து யானை ஆனந்தமாகக் குளித்துக்கொண்டிருந்தது. குளிப்பதோடு நிற்கவும் இல்லை.

"யானை குளித்த நீர் புனிதம், குடித்தால் வீரம் வரும் என்று வாய்க்காலை யானைக் கொட்டில் வழியே திருப்பியது யார்?"

"நான்தான்... இந்தச் சித்திரையில்..."

"வீரம் வரட்டும், ஒரு சொம்பு குடியும்!" என்றான் ராஜா.

சொம்பு வந்தது. பிரதானி உள்ளே பார்த்தார். ஏதோ மிதந்தது. "அரசே... காய்ச்சிக் குடிக்கலாமா?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. கட்டளை ரத்து! யானை ஊரைத் தாண்டிய கீழ்க்கரைக்குப் போனது. நப்பின்னைக்கு ராஜா முத்துமாலை நீட்டினான்.

"மாலை இருக்கட்டும் அரசே. நோய் எங்கென்று தெரிய, பௌர்ணமிதோறும் இந்தத் தோரணம் வேண்டும்."

"தந்தேன்! நீயே பிரதானி!"

அன்று மாலை கீழத்தெருவில் எந்தத் தாயின் மடியும் காலியாக இல்லை. வீட்டுக்கு வீடு, தண்ணீர் காய்ச்ச அடுப்பூதிக்கொண்டிருந்தார் பழைய பிரதானி.