ஆமையார் ஊதிய விசில்

ஆறெல்லாம் வற்றிப்போன ஒரு காட்டில் ஒரே ஒரு குட்டை மிஞ்சியிருந்தது, பிள்ளைகளே. காலையில் இறங்குகிறவர்களுக்குத் தெளிந்த தண்ணீர். மாலையில் இறங்குகிறவர்களுக்கு வெறும் சேறு. காலை முறை யாருக்கு என்று பன்றிகளுக்கும் நரிகளுக்கும் தினமும் அடிதடி. கடைசியில் கால்பந்து ஆடித் தீர்த்துக்கொள்வது என்று முடிவானது.

பன்றிகளின் தலைவன் மூக்கன். ஒரு கிழங்கைக் கொடுத்தால் நான்கு கிழங்கு வாங்காமல் திரும்பாத பேரக்காரன். கோபமும் அதே அளவு. புதரில் அவனுடைய ஐந்து குட்டிகள் நாக்கு வறண்டு கிடந்தன. இந்த ஆட்டத்தில் தோற்றால் அவை கோடையைத் தாண்டா.

நரித் தலைவன் சிங்காரம் பேச வந்தான்.

"என்ன மாமா, உங்களுக்கு என்னென்ன வேணும்?"

"பந்து என்னோடது. காற்று எனக்குப் பின்னாலிருந்து வீசணும். முதல் உதையும் எனக்குத்தான்."

"எல்லாத்தையும் எடுத்துக்குங்க. விசில் மட்டும் ஆமையாரிடம் இருக்கட்டும். அவர் பொய் சொல்லி யாராவது கேட்டிருக்கீங்களா?"

மூக்கனுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றைக் கேட்கிறான். அதுவும் காட்டிலேயே யோக்கியமான ஆளைக் கேட்கிறான்! "சரிதான் போடா" என்றான்.

ஆமையார் மைதானத்து நடுப்பாறையில் ஏறி உட்கார்ந்து சட்டம் சொன்னார்.

"தப்பு நடந்தால் ஊதுவேன். யாருக்கு உதை என்று கையை நீட்டிக் காட்டுவேன். கோலுக்கு முன்னால் இருக்கிற கட்டத்துக்குள் தப்பு செய்தால் அந்த வெள்ளைப் புள்ளியைக் காட்டுவேன், அது பெனால்டி. மஞ்சள் இலையைத் தூக்கினால் எச்சரிக்கை. சிவப்பு இலையைத் தூக்கினால் வெளியே போக வேண்டியதுதான். ஆனால் என் கண்ணால் பார்த்ததற்கு மட்டும்தான் ஊதுவேன்."

கோட்டோரத்தில் கொடியோடு நாரை நின்றது.

ஆட்டம் தொடங்கியது. மூக்கன் பந்தோடு பாய்ந்தான். சிங்காரம் ஓடிவந்து தரையில் 'தொம்' என்று ஒரு மிதி மிதித்தான். சத்தம் கேட்டதும் ஆமையாரின் தலை ஓட்டுக்குள் போனது. போன மறுகணம் சிங்காரம் மூக்கனின் காலைக் கடித்தான்.

நாரை கொடியை ஆட்டோ ஆட்டென்று ஆட்டியது. தலை மெல்ல வெளியே வந்தபோது சிங்காரம் பத்தடி தள்ளி நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊதுங்கய்யா!" என்று மூக்கன் கத்தினான்.

"எதற்கு?"

"காலைப் பாருங்க, ரத்தம் கொட்டுது!"

"ரத்தம் தெரிகிறது. கடித்தவன் தெரியவில்லையே. நடுவரிடம் கத்தியதற்கு இந்தா" என்று ஆமையார் மஞ்சள் இலையைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு நரிகளுக்குக் கொண்டாட்டம். மிதி, கடி. மிதி, கடி. அணிக்கொரு கோல் போட்டு ஆட்டம் முடியும் நேரம் வந்தது. மூக்கன் நரிகளின் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டான். எதிரே கோல் மட்டும்தான். 'தொம்!' பின்னங்காலில் பல் இறங்க, மூக்கன் குப்புற விழுந்தான். விசில் இல்லை. சிங்காரம் பந்தைப் பறித்துக்கொண்டு அந்தக் கோடிக்கு ஓடினான்.

மூக்கனுக்குக் கண் மண் தெரியவில்லை. நொண்டிக்கொண்டே துரத்தினான். பன்றிகளின் கட்டத்துக்குள் சிங்காரத்தைப் பிடித்து, சத்தமே இல்லாமல், கோரைப்பல்லில் அப்படியே தூக்கி நிறுத்தினான்.

அப்போதுதான் ஆமையாரின் தலை வெளியே வந்தது.

விசில் காடெல்லாம் கேட்டது. சிவப்பு இலை உயர்ந்தது. நீட்டிய கை வெள்ளைப் புள்ளியைக் காட்டியது.

"அய்யா, அங்கே அவன் கடிச்சது?"

"நான் கொடி தூக்கினேன், அண்ணே" என்றது நாரை மூக்கனைப் பார்த்து.

"கொடியையும் நான் பார்க்கவில்லை. பார்க்காததற்கு ஊதினால் அது பொய் அல்லவா?" என்றார் ஆமையார், மிகவும் வருத்தத்தோடு.

மூக்கன் வெளியே நின்று பார்த்தான். சிங்காரம் புள்ளியில் பந்தை வைத்து, நிதானமாக உதைத்து, கோல் போட்டான். ஆட்டம் முடிந்தது.

"என் மேல் கோபமா மூக்கா? நான் யாருக்கும் துரோகம் செய்யவில்லையே" என்றார் ஆமையார்.

"தெரியும் அய்யா. நீங்க யோக்கியர்தான். அந்த யோக்கியத்தை வெச்சுத்தான் அவன் எங்களை அடிச்சான்."

மறுநாள் மாலை பன்றிகள் குட்டையில் இறங்கின. ஐந்து குட்டிகளும் சேற்றை நக்கின. கடைக்குட்டி இரண்டு தடவை நக்கிவிட்டு, கரையிலேயே படுத்துக்கொண்டது. மூக்கன் மூக்கால் தள்ளிப் பார்த்தான். அது எழுந்திருக்கவில்லை.

நீதி: பொய் சொல்லாதவன் என்பதற்காக மட்டும் ஒருவனை நடுவராக்காதே, அடி விழும்போது தலையை வெளியே வைத்திருப்பானா என்று முதலில் பார்.