பென்சிலில் இல்லாதவள்

"எனக்கென்று ஒரு கோடு இல்லை" என்றாள் ஒடில்.

வந்தவள் இன்னும் உட்காரக்கூட இல்லை. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நினோன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முள்ளங்கியை வெண்ணெயில் தொட்டாள், உப்பில் தொட்டாள், கடித்தாள்.

"உட்காருங்கள். முள்ளங்கி?"

"வேண்டாம்."

லியோன் நகரத்தில், ஒரு பூட்டு ரிப்பேர் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. நினோன் காமிக்ஸ் வரைகிறவள். முப்பதைத் தாண்டி அதிக நாள் ஆகவில்லை. அதற்குள் அவள் புத்தகம் இல்லாத கடை பிரான்ஸில் கிடையாது.

ஒடிலுக்கு ஐம்பது முடிந்துவிட்டது. அவளும் காமிக்ஸ்காரிதான். அவள் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

பத்தொன்பது வயதில் ஒரு பெரிய ஓவியரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். கப்பல் தலைவன் ஒருவனின் சாகசக் கதை. அவர் பென்சிலில் வரைவார். அதன்மேல் இவள் மை ஏற்றுவாள். புயல், பீரங்கி, குதிரை, துறைமுகம். வருஷத்துக்கு ஒரு புத்தகம். அட்டையில் அவர் பெயர் இருக்கும். இவள் பெயர் உள்ளே, அச்சகத்தின் முகவரிக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில்.

இப்போது அவருக்கு வயதாகிவிட்டது. வரைவதை நிறுத்திவிட்டார். பதிப்பகத்தார் ஒடிலைக் கூப்பிட்டு, இனிமேல் நீங்களே வரையுங்கள் என்றார்கள். அட்டையில் பெயர் போடுகிறோம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. ஆள் மாறியது வாசகருக்குத் தெரியக் கூடாது.

இதையெல்லாம் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

நினோன் அவள் கொண்டுவந்த படங்களைப் புரட்டிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இந்த மாதிரி ஒரு குதிரை எனக்கு ஜென்மத்துக்கும் வராது" என்றாள்.

"தெரியும்."

"அப்புறம் என்னிடம் எதற்கு வந்தீர்கள்?"

ஒடில் உள்ளதைச் சொன்னாள்.

"நீங்கள் மாடு வரைந்தால் மூட்டை மாதிரி இருக்கிறது. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தாலே அது நினோனின் மாடு என்று குழந்தைக்குக்கூடத் தெரிகிறது. எனக்கு அது வேண்டும்."

நினோன் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தாள்.

"ஒரு பக்கம் வரையுங்கள். ஒரு தெரு. மழை பெய்யட்டும். ஆட்கள் போகட்டும். கதை வேண்டாம்."

ஒடில் அந்த அறையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து வரைந்தாள். காலையில் வருவாள், சாயங்காலம் போவாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கீழே கடையில் சாவி அராவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் முள்ளங்கி நீட்டியபோது ஒடில் வாங்கிக்கொண்டாள்.

பக்கம் முடிந்தது. குறை சொல்ல ஓர் இடம் இல்லை.

நினோன் அதை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு சீசா வெள்ளைப் பெயின்ட் வைத்தாள். ஒரு தூரிகை வைத்தாள்.

"இந்த மேகம் யாருடையது?"

ஒடிலுக்குப் புரிந்துவிட்டது. அவளும் தொழில் தெரிந்தவள்.

"ஒரு பெல்ஜியக்காரருடையது. சின்ன வயதில் அவர் தொடர்கதை வரும். வாரப் பத்திரிகை வந்ததும் முதலில் ஆகாயத்தைத்தான் பார்ப்பேன்."

"திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

ஒடில் தூரிகையை நனைத்து மேகத்தின்மேல் வெள்ளை பூசினாள்.

"இந்தக் கூரைகள்?"

"என் முதலாளியுடையவை. ஓடு ஓடாக வரைய வேண்டும் என்பார். பாதியில் நிறுத்தினால் மழை ஒழுகும் என்பார்."

"இந்த நாய்?"

"அதை வரைந்தவள் ஒரு பெண். பெண்குழந்தைகள் பத்திரிகையில் வரைந்துகொண்டிருந்தாள். கையெழுத்துப் போட அவளை விடவில்லை. பெயர் தெரியாது. நாயை மட்டும் தெரியும்."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நினோன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். ஒவ்வொன்றையும் யாரிடமிருந்து எடுத்தாள், எந்த வயதில், எப்படி மனதைப் பறிகொடுத்தாள் என்று ஒடில் சொல்லிக்கொண்டே போனாள். வீட்டுக்கு வந்துபோன விருந்தாளிகளைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. சொல்லிச் சொல்லிப் பூசினாள்.

படத்து மழையின் முறை வந்தபோது கை நின்றுவிட்டது.

"இது ஜப்பான் மழை" என்றாள். "ஒரு பழைய அச்சுப் படம். இருபது வயதில் கண்காட்சியில் பார்த்தேன். அன்று முழுக்க வேறு எதையும் பார்க்கவில்லை."

"மனசு வரவில்லையா?"

"வரவில்லை."

"நன்றி சொல்லிவிட்டுப் பூசுங்கள்."

ஒடில் தூரிகையைக் கீழே வைத்தாள். இப்போது கோபம் வந்துவிட்டது.

"உங்களுக்கு என்ன? சின்ன வயது. அழித்து அழித்து வரைய நாள் இருக்கிறது. எனக்கு இருக்கிற சொத்தே இதுதான். இதையும் அழித்துவிட்டால் என்ன மிஞ்சும்?"

"எனக்கும் தெரியாது" என்றாள் நினோன். "இருபத்து நான்கு வயதில் நான் இதைச் செய்தேன். அழுதுகொண்டே செய்தேன். எனக்கு மிஞ்சியது அந்த மாடுதான்."

ஒடிலுக்குக் கோபத்தின் நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. தலையைக் குனிந்து, உதட்டுக்குள்ளேயே ஜப்பானுக்கு ஒரு நன்றி சொன்னாள். மழையின்மேல் வெள்ளை பூசினாள்.

பக்கம் காலியாகிக்கொண்டே வந்தது. விளக்குக் கம்பம் போயிற்று. குடைகள் போயின. தெருவே போயிற்று.

கடைசிக் கட்டத்தின் ஓரத்தில் ஒன்று மிஞ்சியது. கட்டை விரல் நகத்தளவு இருக்கும்.

ஒரு பெண். முதுகு காட்டி நிற்கிறாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றியிருக்கிறாள். இன்னொரு கையில் ஒற்றை ஷூ. அதைக் கவிழ்த்து, உள்ளே புகுந்த கல்லை உதறிக்கொண்டிருக்கிறாள்.

"இவள் யாருடையவள்?"

ஒடில் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"தெரியவில்லை."

"தெரிந்ததும் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு நினோன் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒடில் வீட்டுக்குப் போனாள். பரணிலிருந்து பழைய பத்திரிகைகளையெல்லாம் இறக்கினாள். மேகம் கிடைத்தது, நாய் கிடைத்தது. கல் உதறுகிறவள் எதிலும் இல்லை.

பிறகு கப்பல் தலைவன் புத்தகங்களை எடுத்தாள். தான் மை ஏற்றிய புத்தகங்கள்.

முதல் புத்தகத்திலேயே அவள் இருந்தாள். துறைமுகத்தில், கூட்டத்துக்குப் பின்னால், ஒரு கிடங்கின் சுவரைப் பிடித்துக்கொண்டு.

அடுத்ததிலும் இருந்தாள். லிஸ்பன் சந்தையில். அதற்கு அடுத்ததில் ஒரு கோயில் வாசலில். தலைவன் கத்தியை உருவுகிறான், கடல் கொந்தளிக்கிறது, கோட்டை எரிகிறது. ஏதோ ஒரு மூலையில் ஒருத்தி நின்று ஷூவை உதறிக்கொண்டிருக்கிறாள்.

ஒடில் எல்லாப் புத்தகங்களையும் தரையில் விரித்து வைத்தாள். அந்தப் பென்சில் தாள்கள் அவளுக்கு மனப்பாடம். ஓவியர் இப்படி ஒருத்தியை வரைந்ததே இல்லை. மை ஏற்றும்போது இவள் கை தானாகவே சேர்த்திருக்கிறது. அவரும் கவனிக்கவில்லை. இவளுக்கும் தெரியவில்லை.

யார் என்று அப்போதும் பிடிபடவில்லை.

மறுநாள் கடைக்குப் போய்விட்டு வந்தாள். வாசலில் பையை வைத்துவிட்டு ஷூவைக் கழற்றக் குனிந்தாள். தடுமாறியது. கை தானாகப் போய்ச் சுவரைப் பிடித்தது.

அப்படியே நின்றுவிட்டாள்.

நினோனிடம் போய்ச் சொன்னாள்.

"என் அக்கா. தெரேஸ். அம்மா போனபின் அவள்தான் என்னை வளர்த்தாள். சேந்த் எத்தியேனில் ரிப்பன் ஆலையில் வேலை. சாயங்காலம் வந்ததும் வாசலில் அப்படித்தான் நிற்பாள்."

"இருக்கிறார்களா?"

"இருக்கிறாள். ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கிறிஸ்துமஸுக்குப் புத்தகம் அனுப்புவேன். போய்ப் பார்ப்பது குறைந்துவிட்டது."

நினோன் அந்த வெள்ளைப் பக்கத்தைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தாள்.

"எடுத்த இடத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்."

"இதையுமா?"

நினோன் எழுந்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

ஒடில் ரயில் நிலையத்திலிருந்தே பதிப்பகத்துக்குப் போன் செய்தாள். கப்பல் தலைவனை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றாள். அவர்களுக்கு நம்ப முடியவில்லை. வேறு பெரிய வேலை ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார்கள்.

"இல்லை. ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்."

போனை வைத்தாள். கையில் வேலை இல்லை. கோடும் இல்லை. சுருட்டிய ஒரு தாள் மட்டும் இருந்தது.

தெரேஸுக்கு அறுபது தாண்டிவிட்டது. மாடி வீட்டில் தனியாக இருந்தாள். சொல்லாமல் வந்த தங்கையைப் பார்த்ததும் என்ன ஏது என்று கேட்கவில்லை. இளைத்துவிட்டாய் என்றாள். சூப்பைச் சூடு பண்ணினாள். தங்கை குடித்து முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

ஒடில் தாளை விரித்தாள்.

வெறும் வெள்ளை. மூலையில் அந்தப் பெண்.

"அக்கா, இது நீ" என்றாள். "உன்னிடமிருந்து எடுத்தது. இத்தனை நாள் எனக்கே தெரியாது."

தெரேஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"எனக்குத் தெரியுமே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ புத்தகம் அனுப்பினால் நான் எங்கே நிற்கிறேன் என்று தேடுவேன். கண்டுபிடித்ததும் மூடி அலமாரியில் வைத்துவிடுவேன். கதை எனக்குப் பிடிக்காது. எப்பப் பார்த்தாலும் சண்டை."

ஒடில் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?"

"தெரிந்துதானே வரைகிறாய் என்று நினைத்தேன். வேலையாக இருக்கிறாள், வர முடியவில்லை, இப்படி ஒரு சேதி அனுப்புகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்."

தெரேஸ் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஆனால் ஒரு தப்பு. ஷூவில் கல் இல்லை."

"நான் பார்த்திருக்கிறேன் அக்கா. தினமும் உதறுவாய்."

"நீ பார்த்ததால்தான் உதறினேன்."

ஒடிலுக்குப் புரியவில்லை.

"ஆலையில் அன்றைக்கு மேஸ்திரி கத்தியிருப்பான்" என்றாள் தெரேஸ். "தறி படுத்திருக்கும். அந்த முகத்தோடு உள்ளே வந்தால் நீ பயந்துவிடுவாய். சின்னப் பிள்ளை. அதனால் வாசலிலேயே திரும்பி நின்றுகொள்வேன், முகம் சரியாகிறவரைக்கும். ஜன்னல் திரை ஆடும். நீ நிற்கிறாய் என்று தெரியும். சும்மா நின்றால் ஏன் என்று கேட்பாயே. அதற்குத்தான் ஷூ."



ஒடில் அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்தாள். எல்லாப் புத்தகத்திலும் முதுகுதான். ஒரு தடவைகூட அவள் முகத்தை வரைந்ததில்லை. பார்த்திருந்தால்தானே வரைவதற்கு.

"அக்கா, கொஞ்சம் எழுந்து வாசலில் நிற்கிறாயா?"

"இப்போதா?"

"இப்போதுதான். இந்தப் பக்கம் திரும்பி நில்."

ஒடில் பையைத் துழாவினாள். பேனா இல்லை, தூரிகை இல்லை. அக்கா கணக்கு எழுதுகிற கட்டைப் பென்சில் மேஜைமேல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

தெரேஸ் முணுமுணுத்துக்கொண்டே போய் வாசலில் நின்றாள். மூட்டு வலி. ஒரு கையைச் சுவரில் ஊன்றினாள். இன்னொரு கையால் ஷூவைக் கழற்றினாள். பிறகு தங்கை பக்கம் திரும்பினாள்.

"எந்த முகம் வேண்டும்? உள்ளே வருவதற்கு முன்னால் இருக்குமே, அதுவா? வந்தபிறகு இருப்பதா?"

ஒடில் யோசித்தாள்.

"அதிலிருந்து இதற்கு மாறுமே, அது."

தெரேஸ் அவளையே பார்த்தாள்.

"அப்படியானால் சீக்கிரம் வரை" என்றாள். "அது நிற்காது."