தூளிக் கொக்கி

உப்பளத் தெருவில் புயல் ஒரு வீட்டையும் விட்டுவைக்கவில்லை. பக்கத்து ஊர் தர்காவிலிருந்து ஹஜ்ரத் ஒருவர், சீடர்கள் பத்துப் பேரோடு வந்து அங்கே வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சீடர்களில் சேகனா மேஸ்திரிதான் மூத்தவர். ஹஜ்ரத்தை விடவும் வயதில் பெரியவர்.

அன்றைக்கு ஏழாவது வீட்டுக்கு மேல்தளம் போடும் நாள். பலகை அடித்து, கம்பி கட்டியாயிற்று. கலவை ஏறவேண்டியதுதான் பாக்கி.

வீட்டுக்காரி பூங்காவனம் ஏணியடியில் வந்து நின்றாள். கேட்கலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டே இருந்தாள்.

"என்ன தங்கச்சி?" என்றார் மேலே நின்ற மேஸ்திரி.

"மேஸ்திரி அண்ணே, நடுவுல ஒரு கொக்கி விடுவீங்களா? தூளி கட்ட."

"யாருக்கு?"

அவள் முந்தானை நுனியைச் சுருட்டினாள். "பழைய வீட்டுல இருந்துச்சுண்ணே. கல்யாணமான வருசம் இவரு போட்டது."

மணல் சுமந்துகொண்டிருந்த அவள் புருசன் வைரக்கண்ணு தலையை நிமிர்த்தவில்லை.

"ஆமா, பதினெட்டு வருசமா அதுல வெங்காயப் பைதானே தொங்குச்சு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"வெங்காயமாச்சும் தொங்குச்சே" என்று பூங்காவனமும் சிரித்தாள். சிரித்துவிட்டு மறுபடியும் மேஸ்திரியின் முகத்தையே பார்த்தாள்.

மேஸ்திரி இறங்கி, மணல் சலித்துக்கொண்டிருந்த ஹஜ்ரத்திடம் போனார்.

"ஹஜ்ரத், அந்தப் பொண்ணுக்கு நாற்பத்தி மூணு வயசு. பெரியாஸ்பத்திரியிலயே கையை விரிச்சுட்டாங்களாம். கொக்கியைப் போட்டுட்டா, படுத்தா அதுதான் கண்ணுல படும். வேணாம்னு சொல்றதுதானே இரக்கம்?"

"அவங்க கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"அப்ப கலவை ஏறுறதுக்குள்ள வச்சிருங்க. தளம் இறுகின பிறகு நாம நினைச்சாலும் முடியாது."

மேஸ்திரிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் ஹஜ்ரத் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. கிடந்ததில் மெலிசான கம்பியாக ஒன்றை எடுத்து வளைத்தார். பலகையில் துளை போட்டு, கீழே தொங்குகிற மாதிரி கட்டிவிட்டார்.

"கலவை ஏத்தலாமா ஹஜ்ரத்?"

"கொஞ்சம் இருங்க."

ஹஜ்ரத் சல்லடையை வைத்துவிட்டு உள்ளே போனார். முட்டுக் கம்புகளுக்கு நடுவே குனிந்து போய், கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். அது நிமிர்ந்து, அவிழ்ந்து, கையோடு வந்துவிட்டது.

"இது தாங்கலையே மேஸ்திரி."

"அதுல என்ன தொங்கப் போகுதுன்னுதான்..."

மேஸ்திரி முடிக்கவில்லை. வாசலில் பூங்காவனம் நின்றிருந்தாள். நிமிர்ந்துபோன கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹஜ்ரத் அதை ஓரமாகப் போட்டார்.

"தடிமனான கம்பியா எடுங்க. இரட்டைப் பிள்ளை பிறந்துட்டா என்ன செய்வாங்க?"